பழைய உயர்தரக் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வாங்க நினைப்பவர்களுக்கு: தேர்வு முதல் சுங்கம், பேட்டரி, பராமரிப்பு வரை

பழைய சாவி வாட்ச் நின்றுபோனால், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பழைய மெஷின்களிலிருந்து பாகம் எடுத்தோ, தண்டைப் புதிதாகக் கடைந்தோ அதை மீண்டும் ஓட வைத்துவிடுவார். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சில் ஐசி எனப்படும் மின்னணுச் சில்லு செயலிழந்துவிட்டால் அதை அப்படிக் கையால் செய்து தருவதற்கு வழியில்லை. அதே ஐசி உள்ள இன்னொரு வாட்சைத் தேடிப் பிடித்து அதிலிருந்து எடுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் ஒரே மாற்று. ஆகவே இந்த வகை வாட்ச்களைச் சேகரிப்பவர் முதலில் மெஷினையும், அடுத்து மொத்தச் செலவையும், அதன் பிறகே டயலின் அழகையும் பார்க்க வேண்டும். வழக்கமாகப் புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள், விற்பவர்களும் அதற்கு ஏற்றபடியே படம் எடுத்துப் போடுகிறார்கள். தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் ஒவ்வொரு கட்டத்திலும் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஜப்பானின் அதிதுல்லிய வாட்ச்கள். சீகோவின் கிராண்ட் குவார்ட்ஸில் 9940, 9943 மெஷின்கள் இரட்டைப் படிகம் (நேரத்தை அளக்க அதிரும் குவார்ட்ஸ் துண்டு) கொண்டவை. ஆண்டுக்கு 10 வினாடிக்கு மேல் முன்பின் போகாது என்ற உறுதியோடு 1970களின் இறுதியில் விற்கப்பட்டவை. அதே குடும்பத்தின் சுப்பீரியர் குவார்ட்ஸுக்கு ஆண்டுக்கு 5 வினாடி. 1988இல் வந்த 95ஜிஎஸ் கிராண்ட் சீகோவும், 1993இல் வந்த 9எஃப் மெஷினும், 1995இல் வந்த ‘தி சிட்டிசன்’ வரிசையும் இதே மரபைச் சேர்ந்தவை.

இரண்டாவது, சுவிஸ் நாட்டின் எஃகு வாட்ச்கள்: ரோலக்ஸ் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ், ஒமேகா கான்ஸ்டலேஷன் மன்ஹாட்டன், லாஞ்சின் காங்க்வெஸ்ட் விஎச்பி, ஐடபிள்யூசி இன்ஜினியர் முதலியவை. மூன்றாவது, நகைக்கடைத் தன்மை கொண்ட கார்த்தியே, பியாஜே வாட்ச்கள்.

முதன்முதலாக வாங்குபவர் ஜப்பானியக் கூட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஓடும் நிலையிலுள்ள கிராண்ட் குவார்ட்ஸ் ஒன்று சில பத்தாயிரம் யென்னில் கிடைத்துவிடும், போலிகள் குறைவு, சீகோவின் பழைய தொழில்நுட்பக் கையேடுகள் இணையத்தில் கிடைப்பதால் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். கார்த்தியேயில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. அந்நிறுவனத்தின் பல மாடல்களில் ரோமன் எழுத்து ஏழின் ஒரு காலுக்குள் நிறுவனப் பெயர் பொடி எழுத்தில் மறைந்திருக்கும் என்பது சரியான தகவல்தான். ஆனால் போலி செய்பவர்களுக்கும் அது தெரியும் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பக் கூடாது.

சுவிஸ் கூட்டத்தில் ஒரு பொறி உண்டு. ஆய்ஸ்டர்குவார்ட்ஸிலும் மன்ஹாட்டனிலும் செயின் வாட்சின் வெளிக்கூட்டோடு இணைந்தே வடிவமைக்கப்பட்டது. கடையில் விற்கும் சாதாரணச் செயினையோ தோல் ஸ்ட்ராப்பையோ அதில் மாட்ட முடியாது. செயின் தளர்ந்து தொங்கினாலோ இரண்டு மூன்று கண்ணிகள் குறைந்தாலோ மூலச் செயினைத் தேடித்தான் ஆக வேண்டும், அதன் விலை தலையைச் சுற்றவைக்கும். ஆகவே இவற்றை வாங்கும்போது செயினைப் பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, எவ்வளவு வளைந்து தொங்குகிறது என்று பாருங்கள். உங்கள் மணிக்கட்டின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் சொல்லி, அதற்குப் போதுமான கண்ணிகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

2. மெஷின் எண்ணைத் தெரிந்துகொண்டு உதிரிபாகம் தேடிப் பாருங்கள்

வாட்சைத் தேடுவதற்கு முன் அதன் உதிரிபாகத்தைத் தேடுங்கள். சீகோவில் இது எளிது. பின்மூடியில் 9943-8000 என்பதுபோல் இரண்டு எண்கள் கோடிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் நான்கு இலக்கங்கள் மெஷின், அடுத்த நான்கு கூடு. அதே மூடியில் ஆறு இலக்க வரிசை எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்குப் பூஜ்யமும், நவம்பருக்கு ‘என்’ எழுத்தும், டிசம்பருக்கு ‘டி’ எழுத்தும் வரும். 85 என்று தொடங்கும் 9943 மெஷின் வாட்ச் 1978 மே மாதத்தில் செய்யப்பட்டது. விற்பவர் 1971ஆம் ஆண்டின் அரிய வாட்ச் என்று எழுதியிருந்தால், அங்கேயே பக்கத்தை மூடிவிடலாம்.

மெஷின் எண் கிடைத்ததும், அதே எண்ணை இட்டு ஏலத் தளங்களில் தேடுங்கள். அதே மெஷின் அல்லது அதே குடும்பத்தின் மெஷின், டயல் கெட்டுப்போன மலிவான வாட்ச்களில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கிடைக்கிறது என்றால் உங்கள் வாட்சுக்கு ஆயுள் உண்டு. நிறுவனங்கள் ஒரு மெஷினின் உற்பத்தியை நிறுத்திய பிறகு குறிப்பிட்ட காலத்துக்கே பாகங்களை இருப்பில் வைத்திருக்கும். 1970களின் மெஷினுக்கு அந்தக் காலம் கடந்துபோய்விட்டது என்றே கருதிக்கொள்ளுங்கள்.

இடிஏ நிறுவனத்தின் 955.112 போன்ற மெஷின் உள்ள சுவிஸ் வாட்ச்களில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. மெஷினையே முழுதாகப் புதியதாக மாற்றிவிடலாம். அதற்கு நேர்மாறானவை ஜேகர் லெகூல்த்ர் நிறுவனத்தின் 630, 631 குடும்ப மெஷின்கள்: நேரத்தைக் குவார்ட்ஸும், நிறுத்துகடிகாரத்தைப் பல்சக்கரங்களும் ஓட்டும் கலப்பு வகை. பார்க்க அழகானவை, பழுதானால் இரண்டு தொழிலும் தெரிந்த ஆள் வேண்டும். தொடக்கத்திலேயே இதில் கைவைக்காதீர்கள்.

3. விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்

டயலின் படம் எல்லோரும் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு.

பின்மூடியைத் திறந்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் குழியை வெளிச்சத்தில் எடுத்த படம்தான் முதலாவது. அதில் பச்சை அல்லது வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா, பேட்டரியைத் தொடும் மெல்லிய உலோக நாக்கு கறுத்திருக்கிறதா, முள்ளை ஓட்டும் செம்புக் கம்பிச் சுருளான காயிலுக்குப் பக்கத்தில் கறை பரவியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேட்டரி கசிந்து வெளிவரும் காரம், தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பியையும் சர்க்யூட்டின் செப்புத் தடத்தையும் மெதுவாகத் தின்றுவிடும். குழியில் இலேசான கறை இருந்தால் சுத்தம் செய்துகொள்ளலாம். காயிலை எட்டிவிட்ட கறையோடு இருப்பதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உதிரிபாகத்துக்காக வாங்கினாலன்றி.

இரண்டாவது, ஒரு நிமிடம் ஓடும் காணொளி. வினாடி முள் ஒவ்வொரு கோட்டின் மீதும் சரியாக விழுகிறதா, ஏறும் பக்கத்தில், அதாவது 8க்கும் 10க்கும் இடையில், தயங்குகிறதா என்று கவனியுங்கள். தயங்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது என்று பொருள். வினாடி முள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை தாவினால் சீகோவிலும், நான்கு வினாடிக்கு ஒருமுறை தாவினால் இடிஏ மெஷின்களிலும், பேட்டரி தீரப்போகிறது என்று வாட்சே சொல்லும் அறிவிப்பு அது. அதைப் பழுது என்று தவறாக எண்ணி விலை குறைத்து விற்பவர்களும் உண்டு; அது உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது, பக்கவாட்டுக் குமிழான கிரவுனை இழுத்து முள்ளை நகர்த்துவதும் தேதியை மாற்றுவதும் தெரியும் காணொளி. அதோடு, பின்மூடியின் உட்புற வெளிப்புற எழுத்துகள். தங்க வாட்ச் என்று சொல்லப்படுபவற்றில் இந்த எழுத்துகள்தான் உண்மை பேசும். 750 அல்லது 18கே இருந்தால் தங்கக் கூடு. சீகோவில் ‘எஸ்ஜிபி’ என்று இருந்தால் வெறும் முலாம். கார்த்தியேயின் மஸ்ட் வரிசை வாட்ச்கள் வெள்ளிக் கூட்டின் மேல் கனமான தங்க முலாம் பூசியவை. 925 என்ற வெள்ளி முத்திரையும் மைக்ரான் அளவும் பின்னால் இருக்கும். ‘சாலிட் கோல்டு’ என்று தலைப்பில் எழுதி, இந்தப் படத்தை மட்டும் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

4. வாங்கும் இடமும் ஏலச் சொற்களும்

ஜப்பானிய வாட்சுக்கு ஜப்பான்தான் ஊற்று. டோக்கியோவின் நக்கானோ பிராட்வே கட்டடத்தில் பழைய வாட்ச் கடைகள் நெருக்கமாக உள்ளன; அந்தப் பக்கம் போகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். வீட்டிலிருந்து வாங்குகிறவர்கள் ஜப்பானிய ஏலத் தளத்தில், நம் சார்பாக ஏலம் கேட்டு, பொருளைத் தங்கள் கிடங்கில் பெற்று, பிறகு நமக்கு அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்க முடியும்.

விளம்பரத்தில் வரும் சில ஜப்பானியச் சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ‘கடோஹின்’ என்றால் ஓடும் பொருள். ‘ஃபுடோ’ என்றால் ஓடாதது. ‘டோசா மிகாகுனின்’ என்றால் ஓடுகிறதா என்று சரிபார்க்கவில்லை. ‘ஜங்கு’ என்றால் குப்பை விலைக்கு, எந்தப் பொறுப்பும் ஏற்காமல் விற்பது. ‘ரிடான்’ என்றால் டயலுக்கு மறுபடி சாயம் பூசியிருக்கிறார்கள். இவற்றில் புதியவரை அதிகம் ஏமாற்றுவது ‘டென்ச்சி கிரே’ என்ற சொல்தான்: பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரி சில நூறு யென்தான். அதை மாற்றி ஓடவிட்டுக் காட்டினால் வாட்சின் விலை இரட்டிப்பாகும் என்று தெரிந்தும் ஒருவர் மாற்றாமல் விற்கிறார் என்றால், மாற்றிப் பார்த்தும் ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நோ கிளைம் நோ ரிட்டர்ன்’ என்று கீழே எழுதியிருந்தால் அது அங்கே வழக்கமான வாசகம். பொருள் வந்த பிறகு சண்டை போட இடமில்லை.

உள்நாட்டில் வாங்கும்போது விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கையில் வாங்கிப் பார்க்கலாம், சுங்கத் தொல்லையும் இல்லை. வாட்சின் வரிசை எண் குறிப்பிட்ட பில் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மாட்டேன், வேண்டுமானால் இன்னும் ஆயிரம் ரூபாய் குறைக்கிறேன் என்று சொல்பவரிடமிருந்து வாங்கினால், நாளை அது திருட்டுப் பொருள் என்று தெரியவந்தாலும், நீங்கள் அதை விற்கப் போனாலும் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

5. மொத்தச் செலவைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிப் பாருங்கள்

ஏலத்தில் வென்ற விலை என்பது செலவின் முதல் வரி மட்டுமே. அதற்குக் கீழே இடைத்தரகரின் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் கட்டணம், பன்னாட்டு அஞ்சல் அல்லது கூரியர் கட்டணம், காப்பீடு, உங்கள் கார்டு நிறுவனம் அந்நியச் செலாவணிக்காக எடுக்கும் கட்டணம் ஆகியவை வரும். கடைசியாகச் சொன்னது பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை போகும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் காலம் முடிந்துவிட்டால் நாள்வாடகையும் சேரும். பல வாட்ச்களைச் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்பலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வாடகையில் மாட்டிக்கொள்கிறார்கள். தவிர, சேர்த்து அனுப்பிய பொட்டலம் தனிப் பயன்பாட்டுக்கு உரியதுபோல் தோன்றாமல், வியாபாரச் சரக்குபோல் தோன்றும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இறக்குமதி வரி இவற்றின் மேல் கட்டப்படும் மாடி. வரி கணக்கிடப்படுவது வாட்சின் விலைக்கு மட்டுமல்ல. விலை, காப்பீடு, அனுப்பும் கட்டணம் மூன்றும் சேர்ந்த தொகைக்கு. முதலில் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, பிறகு இவை எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மேல் ஐஜிஎஸ்டி. கணக்குப் புரிவதற்காக மட்டும், அடிப்படை வரி 20 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வந்துசேரும் மதிப்பு 1,00,000 ரூபாய் என்றால், அடிப்படை வரி 20,000. கூடுதல் வரி 2,000. இப்போது மொத்தம் 1,22,000. அதன் மேல் 18 சதவீதம் 21,960. ஆக, 1,43,960 ரூபாய். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகின்றன. தனிப் பயன்பாட்டுக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கான 9804 என்ற தலைப்பின்கீழ் அன்றைய விகிதம் என்ன என்று சுங்கத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, அதே முறையில் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும், முதல் சர்வீசுக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். 40 ஆண்டுப் பழைய வாட்ச் சர்வீஸ் கேட்காமல் இருக்காது.

6. சுங்கம்: ஆவணங்கள், கால அளவு, தவிர்க்க வேண்டியவை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இந்தியாவின் வெளிநாட்டு வணிகக் கொள்கைப்படி, இயந்திரத் தளவாடங்கள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற பட்டியலில் இருக்கிறது. பயன்படுத்திய வாட்ச் அதற்குள் வரும். நடைமுறையில் ஒற்றை வாட்ச் வரியோடு விடுவிக்கப்படுவதைப் பலர் அனுபவத்தில் சொல்கிறார்கள் என்பதற்காக, விலை உயர்ந்த வாட்சை அந்த நம்பிக்கையில் மட்டும் வரவழைக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், சுங்கத் தரகர் ஒருவரிடமோ கூரியர் நிறுவனத்தின் சுங்கப் பிரிவிடமோ, இன்ன மாடல், இன்ன மதிப்பு, பயன்படுத்தியது, தனிப் பயன்பாட்டுக்கு ஒன்று என்று எழுதி மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். நீங்களோ உறவினரோ நேரில் வாங்கிக் கொண்டுவருவதாக இருந்தால், வரிவிலக்கு வரம்பைத் தாண்டும் மதிப்புக்குச் விமான நிலையத்தில் வரிக்குரிய பொருள் கொண்டுவருபவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டி, ரசீது வாங்கிக்கொள்வது நேரான வழி.

பொருள் வருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை: கூரியருக்குக் கொடுக்கும் கேஒய்சி ஆவணங்கள், அதாவது ஆதார் அல்லது கடவுச்சீட்டு போன்ற அடையாளச் சான்றும், தேவைப்படும் இடத்தில் பான் அட்டையும், விற்பவர் கொடுத்த விலைச்சிட்டை, பணம் கட்டியதற்கான கார்டு அல்லது வங்கிப் பதிவு, ஏலப் பக்கத்தின் திரைப்பிடிப்பு. கடைசி இரண்டும் எதற்கு என்றால், விலைச்சிட்டையில் உள்ள தொகையை அதிகாரி நம்பாதபோது உண்மையான விலையை நிறுவ அவைதான் உதவும். ஆவணங்களில் உள்ள பெயரும் பொட்டலத்தின் மேலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முதலெழுத்து முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் இருந்தால், தமிழ்ப் பெயர்களுக்கே உரிய இந்தச் சிக்கல் பொட்டலத்தைப் பல நாள் முடக்கிப்போட்டுவிடும்.

கூரியரில் வந்தால் சரியான ஆவணம் கொடுத்த சில நாள்களில் வேலை முடிந்துவிடும், ஆனால் வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்கென்று ஒரு சேவைக் கட்டணமும் வசூலிப்பார்கள். அஞ்சலில் வந்தால் அயல்நாட்டு அஞ்சலகத்தில் மதிப்பிட்டு வரி விதிப்பார்கள். செலவு குறைவு, பொறுமை அதிகம் தேவை. கண்காணிப்பு எண்ணில் ஒரே வரி வாரக்கணக்கில் மாறாமல் நின்றால் பதற வேண்டாம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறதா என்று மட்டும் உங்கள் பகுதி அஞ்சலகத்தில் விசாரித்துக்கொண்டிருங்கள்.

மூன்று பொறிகளைச் சொல்ல வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பட்டுமா என்று விற்பவர் கேட்பார். அதனால் வரி குறையப்போவதில்லை, பொய்யுரை மட்டும் உங்கள் பெயரில் பதிவாகும். விலையைக் குறைத்து எழுதட்டுமா என்று கேட்பார். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்கீழ் தவறான மதிப்புக் காட்டிய பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் விதிக்கலாம், தவிர, பொட்டலம் வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். மூன்றாவதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை: முதலை, உடும்பு, பல்லித் தோல் ஸ்ட்ராப். இவை அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குள் வருபவை. உரிய அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் ஸ்ட்ராப்புக்காக வாட்சும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். ஸ்ட்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாட்சை மட்டும் அனுப்புங்கள் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். இங்கே நல்ல மாட்டுத்தோல் ஸ்ட்ராப் கிடைக்காமல் போகாது.

7. பொட்டலத்தைப் பிரிக்கும்போது

பொட்டலத்தைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே காணொளியாக எடுங்கள். கையில் வந்ததும் வரிசை எண்ணை விளம்பரப் படத்தோடு ஒப்பிட்டு, ஒரு நாள் ஓடவிட்டு, தேதி நள்ளிரவில் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகே இடைத்தரகருக்குச் சரி என்று சொல்லுங்கள். புகார் செய்வதற்கான காலம் மிகக் குறுகியது.

8. பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்

இந்த வாட்ச்களுக்கு வேண்டியது 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல். தெருமுனைக் கடையில் வாட்சைக் கொடுத்தால், அளவு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ‘எல்ஆர்’ அல்லது ‘ஏஜி’ என்று தொடங்கும் அல்கலைன் செல்லைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதன் மின்னழுத்தம் நாளாக ஆகச் சரிந்துகொண்டே வரும், கசியும் வாய்ப்பும் அதிகம். ‘எஸ்ஆர்’ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து, உறையைப் பிரிக்காத செல்லை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். எடுத்துக்காட்டாக 364 என்பது எஸ்ஆர்621எஸ்டபிள்யூ. 371 என்பது எஸ்ஆர்920எஸ்டபிள்யூ. 377 என்பது எஸ்ஆர்626எஸ்டபிள்யூ. இறுதியில் ‘எஸ்டபிள்யூ’ இருந்தால் குறைந்த மின்சாரம் இழுக்கும் முள் வாட்சுக்கு, ‘டபிள்யூ’ மட்டும் இருந்தால் விளக்கு, அலாரம் போன்றவை உள்ள வாட்சுக்கு. உங்கள் மெஷினுக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள், உள்ளே ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து அதையே போடாதீர்கள். முன்பு போட்டவர் தவறாகப் போட்டிருக்கலாம்.

1970களின் தொடக்கத்தில் வந்த மின்வாட்ச்கள் சிலவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரச செல் தேவைப்பட்டது. அந்த செல் இப்போது உற்பத்தியில் இல்லை. அப்படிப்பட்ட வாட்சில் 1.55 வோல்ட்டைப் போடலாமா என்பதை அந்த மெஷினைக் கையாண்டு பழகியவர்தான் சொல்ல வேண்டும்.

செல்லைக் கைவிரலால் பிடிக்காமல் பிளாஸ்டிக் இடுக்கியால் பிடிக்கச் சொல்லுங்கள். உலோக இடுக்கி இரண்டு முனைகளையும் தொட்டால் செல்லின் சக்தி வீணாகும், கை வழுக்கிக் காயிலைக் கீறினால் கதை முடிந்தது. சில மெஷின்களில் செல் மாற்றியதும் ‘ஏசி’ என்று பொறித்த புள்ளியையும் செல்லின் நேர்முனையையும் ஒரு கணம் இணைத்தால்தான் ஓடத் தொடங்கும். இது தெரியாமல் மெஷின் செத்துவிட்டது என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். மூடும்போது ரப்பர் வளையத்தைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். சென்னை போன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்று, இறுகிப்போன பழைய வளையத்தைத் தாண்டி உள்ளே போக அதிக நாள் எடுக்காது.

9. மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது

சாவி வாட்சில் பேர்பெற்றவர் குவார்ட்ஸில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பலர் மெஷினையே தூக்கிவிட்டு, மலிவான புது மெஷினைப் போட்டுத் தருவதைத்தான் சர்வீஸ் என்கிறார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: காயிலின் தடையை அளந்து சொல்வீர்களா? மெஷின் இழுக்கும் மின்சாரத்தை மைக்ரோஆம்பியரில் அளக்கும் கருவி இருக்கிறதா? முதல் அளவு பொதுவாகக் கிலோ ஓம் கணக்கில் வரும். மீட்டரில் முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டாவது அளவு கையேட்டில் சொன்னதைவிடப் பலமடங்கு கூடினால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்க்யூட்டில் கசிவும் இருக்கலாம். பேட்டரி ஆறே மாதத்தில் தீரும் வாட்சுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த இரண்டு கேள்விக்கும் முகம் மாறுபவரிடம் கிராண்ட் குவார்ட்ஸைக் கொடுத்துவிடாதீர்கள்.

கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள்: மெஷின் எண், வரிசை எண், என்ன வேலை, கூட்டைப் பாலிஷ் போட வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், சர்க்யூட்டில் உள்ள, ஓட்ட வேகத்தைச் சரிசெய்யும் டிரிம்மர் திருகைத் திருப்ப வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். பாலிஷ் விஷயத்தில் கறாராக இருங்கள். கூட்டின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிட்டால் சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு பாதியாக விழலாம், அதைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

10. நேரத் துல்லியத்தைச் சோதிப்பது

சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 வினாடி முன்பின் போவது இயல்பு. ஆண்டுக்கு 10 வினாடி வாட்ச் என்றால் மாதத்துக்கு ஒரு வினாடிக்கும் குறைவு. ஒரு வாரத்தில் சோதித்து முடிவு சொல்லிவிட முடியாது. இணையத்தோடு நேரம் ஒத்திசைத்த கைபேசியில் வினாடி காட்டும் செயலியையும் வாட்சையும் ஒரே சட்டகத்தில் மெதுவியக்கக் காணொளியாக எடுத்து, எத்தனையில் ஒரு பங்கு வினாடி வேறுபடுகிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதே முறையில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். அந்த மாதம் முழுக்க வாட்சைக் கட்டியே இருங்கள் அல்லது கட்டாமலே இருங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

காரணம் வெப்பம். வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் அதன் உச்ச வேகத்தில் இருக்கும்; அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 35 டிகிரியில் கிடக்கும் சாதாரண வாட்ச், ஏறக்குறைய நாளுக்கு 0.3 வினாடி, மாதத்துக்கு 9 வினாடி பின்தங்கும். நம் ஊர் மே மாதத்தில் அலமாரிக்குள் வைத்திருந்த வாட்ச் பின்தங்கினால் அது பழுதல்ல. இரட்டைப் படிகமும் வெப்ப ஈடுகட்டலும் உள்ள உயர்தர மெஷின்கள் இந்தச் சரிவைத் தாமே சரிசெய்துகொள்ளும். அவையும் இதே அளவு பின்தங்கினால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும். வாட்ச் மாதத்துக்கு ஒரே அளவில் முன்னேறிக்கொண்டே போனால் படிகம் முதுமை அடைந்திருக்கலாம், அதோடு வாழப் பழகிக்கொள்வதே விவேகம்.

11. கட்டாத வாட்சை வைத்திருக்கும் முறை

ஓராண்டுக்குள் மறுபடி கட்டப்போகும் வாட்சில் செல்லை விட்டுவைக்கலாம். அதற்கு மேல் போகும் என்றால் எடுத்துவிடுங்கள். கிரவுனை இழுத்துவைத்தால் செல் மிச்சமாகும் என்பது பல மெஷின்களில் உண்மைதான், ஆனால் அந்த இடைவெளியில் ஈரமும் தூசியும் நுழையும். நம் தட்பவெப்பத்தில் அந்த மிச்சம் லாபமில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில், ஒலிபெருக்கி, காந்தமூடி கொண்ட கைபேசி உறை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு வாட்சுக்கும் ஓர் உறையில் பில், சுங்க ரசீது, கூரியர் சீட்டு, மெக்கானிக் கையெழுத்திட்ட தாள், மாற்றிய பழைய பாகங்கள் ஆகியவற்றைப் போட்டு, செல் மாற்றிய தேதியையும் செல் எண்ணையும் உறையின் மேல் எழுதிவிடுங்கள். ரோலக்ஸ் நிறுவனம் பழைய வாட்சுக்கு ஆவணக் காப்பகச் சான்று தருவதில்லை. ஆகவே ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, பின்னாளில் விற்கும்போதும் வீட்டுக் காப்பீட்டில் சேர்க்கும்போதும் இந்த உறைதான் காட்டக் கிடைக்கும் சான்று.